முக்கூடலில் பெய்யாத மழை

செத்துப்போன என் மாமனாரை மெட்ராஸ் ரேடார் பிடித்துவிட்டது என்று நான் நம்பினேன். தூக்கக் கலக்கத்தில் வந்துபோன எண்ணமாக இருக்கும் என்று நீங்கள் பெருந்தன்மையாக விட்டுவிட வேண்டாம். பட்டப்பகலில், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே நம்பினேன். அதுவும் எந்த ஆபீஸ்? மழையை அளந்து மெட்ராஸுக்குச் சொல்கிற ஆபீஸ்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூர் ஏரிப் பாசன ஆபீஸில் நான் கிளார்க். ஆபீஸுக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி நின்றது. தினம் காலையில் அதைத் திறந்து, உள்ளே தேங்கியிருப்பதை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று போனில் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருந்தவர் ஒரு ரேடார் அதிகாரி. மெட்ராஸில் கடலோரமாக ஒரு உயரமான கட்டடத்தில் அவருக்கு உத்தியோகம்.

எங்கள் ஊர் மழையில் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவருடைய குறி ஜவ்வாது மலை. செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. அங்கே கொட்டினால்தான் எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர். ஆனால் மலையில் எவ்வளவு பெய்தது என்று ரேடாரைக் கேட்டால் அது உளறியது. அந்த உளறலை எனக்கு நேரிலேயே காட்ட வேண்டும் என்று ஒருமுறை மெட்ராஸுக்கு வரச் சொன்னார். இருட்டு அறை. வட்டமான கண்ணாடித் திரை. நடுவிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு சுற்றிக்கொண்டே இருந்தது. கோடு கடந்துபோன இடத்தில் சில திட்டுகள் பளிச்சென்று எரிந்து மெல்ல அணைந்தன.

"இது மழை சார்," என்றார். "இதுவும் மழை. இது மட்டும் மலை."

எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன. "எப்படி சார் கண்டுபிடிக்கறீங்க?"

"மழை வீட்டுக்குப் போயிடும். மலை போகாது."

போகாத மலைகளைத் திரையின் மேலேயே மெழுகுப் பென்சிலால் வளைத்துக் கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டுக்கு வெளியே தெரிந்தால் மழை. உள்ளே தெரிந்தால் மலை, கண்டுகொள்ளாதே. நல்ல ஏற்பாடுதான். மலைமேலேயே மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குத்தான் சார் உங்களையெல்லாம் தினம் தொல்லை பண்றேன்" என்றார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ரேடார் அலை நேராகப் போகிறது, பூமியோ வளைந்து கிடக்கிறது. ஜவ்வாது மலைக்குப் போய்ச் சேருவதற்குள் அலை எங்கோ உயரத்தில் போய்விடும். மேகத்தின் தலையைத் தடவிவிட்டு வரும்; வயிற்றில் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் மலை மழையை எப்போதும் குறைத்தே சொல்லும். மலையடிவாரத்து மழைமானிகள், என்னுடையது, திருமுக்கூடலில் ஆற்று மட்டம் காட்டும் கல், எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, ரேடார் இவ்வளவு சொன்னால் நிஜத்தில் எவ்வளவு என்று ஒரு கணக்குக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

என் மாமனாருக்கு இந்த உத்தியோகத்தின் மேல் துளிகூட மரியாதை கிடையாது. திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் நிலம், கிணறு, மீசை எல்லாம் உள்ள மனிதர். பெண்ணைக் கொடுத்த பிறகு மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி விசாரித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"மாப்ள, பெய்ஞ்சா எத்தினின்னு எழுதுவீங்க. சரி. பேயலன்னா இன்னா எழுதுவீங்க?"

"ஒன்னுமில்லைன்னு எழுதுவேன் மாமா."

"ஒன்னுமில்லன்னு எழுதறதுக்கு சர்க்காரு சம்பளம் குடுக்குதா? நானுந்தான் இந்த வருசம் பூரா ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னு சொல்லிக்கினு கீறேன். எனக்கு எவன் குடுக்கறான்?"

அந்த வருஷம் அவர் சொன்னதில் பொய் இல்லை. கிணறு அடிப்பாறை தெரியக் காய்ந்தது. ஆனி மாதம், கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அவர்கள் வழியில் ஒரு வழக்கம். சாம்பலையும் எலும்பையும் மண்கலயத்தில் போட்டு முக்கூடலில் ஆற்றோடு விடுவார்கள். ஆறு காய்ந்து கிடந்தால், பாலாறும் செய்யாறும் சேருகிற இடத்தில் மணலைத் தோண்டி, கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, வாயைத் துணியால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. மனிதர் யாரும் எடுத்துத் தண்ணீரில் விடவும் கூடாது. தண்ணீர் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு அதுவே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த வருஷம் ஆற்றில் நாய் நாக்கை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. கலயத்தைப் புதைத்தோம். சடங்கு முடித்து எல்லோரும் கரையேறினார்கள்.

அத்தை ஏறவில்லை. என் மாமியாரைச் சொல்கிறேன். அன்று எப்படியோ பேசி அழைத்து வந்தோம். மறுநாள் விடிந்ததும் போய்க் கலயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. இருட்டினால் வீட்டுக்கு வருவார். வந்தாலும் படுக்காமல் வாசற்படியில் உட்கார்ந்து ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கமே இல்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. என் மனைவி என்னிடம் அழுதாள்: "ஏங்க, இப்டியே போனா அம்மாவுக்கும் ஒரு கலயம் வாங்கணும்."

நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அத்தை முந்தானையால் மணலைத் தட்டி எனக்கு இடம் போட்டார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, வெளிய சொல்லாதீங்க. அவருக்குத் தனியா இருந்தா பயம்."

"மாமாவுக்கா?"

"ஊருக்குத்தான் மீச. வூட்ல நான் தண்ணி குடிக்க எழுந்தாகூட, 'எங்கடி போற'ன்னு எழுந்து உக்காந்துக்குவாரு. வெளக்க அணைச்சா பேஜாரு. இப்போ பாருங்க, ஆத்துக்கு நடுவுல ஒண்டியா உட்டுட்டு வந்துட்டோம். தண்ணி வந்து கூட்டிக்கினு போற வரைக்கும் நான் கீறேன். நீங்க மழ ஆபீஸ்தானே? எப்போ வரும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

என் உத்தியோகத்தை மதித்து அந்தக் குடும்பத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி வந்திருந்தது. "கேட்டுச் சொல்றேன் அத்தை. எங்க ரேடாருக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மலைமேல் பெய்வது அதற்குத் தெரியாது என்பதைச் சொல்ல அது சரியான நேரமாகப் படவில்லை.

ஆனால் உட்கார்ந்திருக்கிற இடம் ஆற்றின் நடு. எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழ வேண்டாம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலையில் எப்போதோ பெய்தது சத்தமில்லாமல் வந்து சேரும். தெரியாதவர்கள் அதில் போயிருக்கிறார்கள். அது அத்தைக்குத் தெரியாதா? நான் பிறப்பதற்கு முன்பே தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் பொழுது சாயும் நேரம் போன் வந்தது. ரேடார் அதிகாரி.

"உங்க பக்கம் நல்ல மழையா சார்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. "மேகமே இல்லை சார்."

"திரையில ஒரு திட்டு நல்லா தெரியுதே. உங்களுக்கு வடக்கால. ரெண்டு ஆறு சேருது பாருங்க, அங்க."

எனக்குக் காதுக்குள் குப்பென்று சூடாயிற்று. மறுநாள் அதே நேரம் மறுபடி போன். அதே இடம், அதே திட்டு. "நகரவே மாட்டேங்குது சார். மழைன்னா இவ்ளோ நேரத்துக்கு நகர்ந்திருக்கணும். யாரையாவது அனுப்பிப் பாருங்களேன்." உலகத்தில் எனக்குத் தெரிந்து நகர மாட்டேன் என்று சொன்னதைக் கடைசிவரை காப்பாற்றிய ஆள் ஒருவர்தான். அவரை அந்த இடத்தில்தான் புதைத்து வைத்திருந்தோம்.

அதற்கு அடுத்த நாள் காலை மழைமானியைத் திறந்தால் உள்ளே அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ராத்திரி முழுக்க நட்சத்திரம். நான் பின்வாங்கியதில் அளவுக் கண்ணாடி வேலிக்கல்லில் மோதியது. எங்கள் ஆபீஸ் லஸ்கர், மதகு திறந்து மூடுகிற ஆள், பீடியைக் காதில் சொருகிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நான்தான் சார் நேத்து கழுவி வச்சேன். தொடைக்கல."

கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். எனக்குப் பயம் போகட்டும் என்று சொன்னாரா, நிஜமாகவே கழுவினாரா என்று இன்றுவரை தெரியாது. அன்று மத்தியானம் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சைமிளகாயும் வாங்கிக் கோத்து, போன் மேஜைக் காலில் கட்டினேன்.

"இன்னா சார், போனுக்குக் கண்ணு பட்டுட்சா?" என்றார் லஸ்கர்.

"சும்மா இருங்க. மேலிடத்து உத்தரவு."

"மேலிடம்னா எது சார்? மெட்ராஸா, அதுக்கும் மேலயா?"

எலுமிச்சம்பழத்தை மீறி அன்று சாயங்காலமும் போன் வந்தது. திட்டு இன்னும் அதே இடத்தில்தான். பொறுக்க முடியவில்லை. ஒரு குடையை எடுத்துக்கொண்டு வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். குடை எதற்கு என்று கேட்காதீர்கள். மாமனார் மழையாக வந்து நின்றால் நனையாமல் பேசலாம் என்று நினைத்திருப்பேன். இறங்கி மணலில் நடக்கிறபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆறு அவ்வளவு அகலமா என்று அன்றுதான் தெரிந்தது. காற்று இல்லை. என் காலடி மணலில் அழுந்தி எழும் சத்தம் மட்டும், பின்னால் இன்னொருவர் வருகிற மாதிரி, ஒரு எட்டு தாமதமாகக் கேட்டது. நின்றேன். அதுவும் நின்றது. எதிரே, கலயம் இருந்த இடத்தில், மணலிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து நின்றது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடியதும் நினைவில்லை. கரைமேட்டில் முள்ளுக்குள் கிடந்தபோது அத்தையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மாப்ள! உங்க செருப்பு ஒன்னு இங்க கீது. கொடையும் கீது."

வெள்ளைச் சேலையில் மணலைத் தட்டிக்கொண்டு அத்தை வந்து செருப்பை என் முன்னால் வைத்தார். நானாகவே எல்லாவற்றையும் உளறினேன்: ரேடார், திட்டு, பெய்யாத மழை, நகராத மழை. சிரிப்பார் என்று பார்த்தேன். அத்தை திரும்பி மணலைப் பார்த்தார்.

"அத்தினி தூரத்துல இருந்து அவரு கீறது தெரியுதா?" என்றார்.

என் பயத்தைவிட அது பெரிய நம்பிக்கை. அந்த இருட்டில் ரொம்ப ஆசையான நம்பிக்கையும்கூட.

மறுநாள் போனில் அதிகாரியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் சாவகாசமாக விளக்கினார். வெயில் தாழ்ந்து தரை குளிரும்போது சில நாள் ரேடார் அலை மேலே போகாமல் வளைந்து தரையைத் தொடும். அங்கே எது நிற்கிறதோ அதையே மழை மாதிரி கொண்டுவந்து காட்டும். அந்தத் திட்டு, பாலாற்றுக்கு அக்கரையில் கோயிலோடு நிற்கிற குன்று. "எனக்கும் சந்தேகம்தான் சார், அதான் உங்களைக் கேட்டேன். எங்க தொழில்ல இதுக்குப் பேய்னே பேரு."

"அந்த வார்த்தையை முதல் நாளே சொல்லாம விட்டீங்களே, அது புண்ணியம். இன்னைக்கும் சொல்லியிருக்க வேண்டாம்" என்றேன்.

மாமனார் இல்லை, குன்று. சரி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அத்தையிடம் போய் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே விட்டேன்.

ஆடி பிறந்தது. ஒருநாள் அதிகாரி உற்சாகமாகக் கூப்பிட்டார். ஜவ்வாது மலையில், கோட்டுக்கு வெளியே, பெரிய திட்டு. "நிச்சயம் மழை சார். நாளைக்கு ஆத்துல தண்ணி பாப்பீங்க." நான் பஸ் பிடித்துப் போய்ச் சொன்னேன். அத்தை தலைக்குக் குளித்தார். சொந்தக்காரர்கள் மாலையும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு கரையில் வந்து நின்றார்கள். விடிந்தது, உச்சியாயிற்று, வெயில் சாய்ந்தது. மணல் மணலாகவே கிடந்தது. முந்தின நாள் அவர் பார்த்தபோதும் அலை வளைந்துதான் போயிருந்தது. வழக்கமாகத் தெரியாத மலைச்சரிவெல்லாம் கோட்டைத் தாண்டித் தெரிந்துவிட்டது. பங்காளி ஒருவர் வாடிய மாலையை என் கையில் கொடுத்து, "மழ ஆபீஸ்காரரே, இத்த நீங்களே போட்டுக்குங்க" என்றார். நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடும் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கற்பூரப் பொட்டலத்தைத் திரும்ப மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கலயத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்படி ஒரு அமைதியான முதுகை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இன்னொரு தடவை இந்தப் பொய்யை அவர் தாங்கமாட்டார் என்று தெரிந்தது.

அதன்பின் அதிகாரியும் மாறிவிட்டார். திட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று மணிக்கணக்கில் பார்க்க ஆரம்பித்தார். மலைத் திட்டு ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே வரும், சுவரில் அடித்த ஆணி மாதிரி. மழைத் திட்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பொங்கும், கொஞ்சம் அமுங்கும், உலையில் அரிசி மாதிரி. அப்படியானால் கோட்டுக்கு உள்ளேயே பொங்கினால் அது மலைமேல் மழை. எவ்வளவு என்பதற்கு, அடிவாரத்து மழைமானிகளை வைத்துப் போட்ட கணக்கு. ரேடார் சொல்வதைவிடப் பல மடங்கு நிஜத்தில் பெய்கிறது என்று அந்தக் கணக்கு சொன்னது. ஆனால் அதை அதுவரை யாரும் ஆற்றில் வைத்துப் பரீட்சித்ததில்லை.

ஆவணியில் ஒரு காலை. நான் மழைமானியைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லப் போனை எடுத்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"நேத்து சாயங்காலம் கோட்டுக்குள்ளேயே கொதிச்சது சார்."

"எவ்வளவு நேரம்?"

"நான் வீட்டுக்குப் போகல. ரேடார் நம்பரை அப்படியே எடுத்தா சாதாரண மழை. மணலே குடிச்சிடும், ஆறு வராது. என் கணக்குப்படி எடுத்தா…" நிறுத்தினார். "பெருசு சார். கரை ரெண்டும் தொடும்."

"அடிவாரத்துல கேட்டீங்களா?"

"லைன் செத்துக் கிடக்கு."

"அப்போ வரும்ங்கறீங்களா?"

"வரும்னு நான் சொல்லல. போன தடவை சொல்லித்தானே உங்களுக்கு மாலை விழுந்தது. கணக்கு சொல்லுது. வந்தா இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல."

போனை வைத்தேன். ரேடாரின் நம்பரை நம்பினால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அத்தை ஆற்று நடுவில் உட்கார்ந்திருப்பார். கணக்கை நம்பினால் மறுபடியும் போய் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். வராமல் போனால் அந்த முதுகை மறுபடியும் பார்க்க வேண்டும். இதை நிதானமாக யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், பஸ்ஸுக்கு நேரம் ஆகும் என்று தெரிந்ததும் லஸ்கரின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சைக்கிளைத் தனியாக விட மனமில்லாத லஸ்கர் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

"மெதுவா சார்! ஆறு வர்றதுக்கு முன்னாடி நாம போய்ச் சேந்துடுவோம் போலக்கீதே!"

வழியெல்லாம் வெயில். மேகம் தேடித் தேடிப் பார்த்தேன், கண்தான் வலித்தது. முக்கூடலில் மணல் பொரிந்துகொண்டிருந்தது. அத்தை தலையில் முந்தானை போட்டு அதே இடத்தில். பக்கத்தில் என் மனைவி, தூக்குச்சட்டியில் கஞ்சி வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னொரு தபா ஆரம்பிக்காதீங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "வருதா, வரலியா? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க மாப்ள."

"தெரியாது அத்தை. சத்தியமா தெரியாது. மலையில பெய்ஞ்சிருக்கு. எவ்வளவுன்னு ரேடார் ஒன்னு சொல்லுது, கணக்கு ஒன்னு சொல்லுது. நீங்க கரைக்கு வந்து உக்காருங்க. அங்கிருந்தே மாமாவைப் பாத்துக்கலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அத்தை கலயத்தின் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "மேட்டுலதான் இருப்பேன். பாத்துக்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தெரியாது என்று நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார். நிச்சயம் வரும் என்று போன தடவை சொன்னதைவிட அதிகமாக நம்பினார் போலிருக்கிறது.

கரையில் உட்கார்ந்தோம். லஸ்கர் வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாத்தி, அதற்குக் காவலாக நின்றார். மத்தியானம் தாண்டியது. முதலில் நாரைகள்தான் எழுந்தன. அப்புறம் செய்யாற்றுப் பக்கமிருந்து, பழைய பாயை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சரசரப்பு. மணலில் பழுப்பாக ஒரு நாக்கு. அதன் முனையில் நுரை, சருகு, காய்ந்த சாணம். ஓடிவரவில்லை. நின்று, முகர்ந்து, பள்ளம் பார்த்து வந்தது. நான் எழுந்து குதித்தேன். "வந்துட்டுது! கணக்கு வந்துட்டுது!" என்று கத்தினேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

தண்ணீர் கலயத்தை நோக்கி வந்தது. எதிரே ஒரு மணல்மேடு தட்டியது. ஒதுங்கி, அக்கரை ஓரத்துப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமல் பாலாற்றோடு போயிற்று. கலயம் இருந்த இடம் ஈரம்கூடப் படாமல் கிடந்தது. வெள்ளைத் துணி கட்டிய அதன் தலை, எல்லோரும் பஸ் ஏறிப் போன பிறகு நிற்கிற ஆள் மாதிரி தெரிந்தது.

லஸ்கர்தான், "செத்தும் புடிவாதம் போவல பாரு" என்று வாய்க்குள் சொன்னார்.

அத்தை சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மணலில் இறங்கினார்.

"அத்தை! எங்க போறீங்க? இன்னும் வரும்! இது முன்னால வர்றது, பின்னாலதான் பெருசு!"

"அவரா எங்க எழுந்து போவப்போறாரு? நாமதான் கூட்டிக்கினு போவணும்."

"கையால எடுத்து விடக்கூடாதுன்னு…"

"தண்ணி வந்து கூப்பிட்டாச்சு. அவருக்குத்தான் பயமா கீது."

நடந்துகொண்டே சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் இறங்கப் போகிற அளவுக்குத் தைரியமும் கிடையாது. ஆனாலும் பின்னாலேயே ஓடினேன். அது அத்தையைத் தடுக்கவா, கரையில் தனியாக நிற்கப் பயந்தா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் மணலை வாரினார். நானும் வாரினேன். கலயம் வெயிலில் சுட்டது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்துக்கு வைப்பது போலக் கையைச் சுற்றி அணைத்துக்கொண்டு, மேட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் போனார். முழங்கால் வந்தது. நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும், இங்கேயே" என்று புலம்பிக்கொண்டு போனேன். இழுப்பு நன்றாக இருந்தது. அவர் குனிந்து கலயத்தைத் தண்ணீரில் வைத்தார். அது உடனே போகவில்லை. அத்தையின் காலையே சுற்றிக்கொண்டு நின்றது. துணி நனைந்து, கலயம் ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீரைக் குடித்தது. "போ. நான் வூட்டுக்குத்தான் போறேன்" என்றார். அது முங்கிற்று.

திரும்பும்போது, வந்த வழியில் தண்ணீர் இருந்தது. போகையில் காய்ந்து கிடந்த மணல் அது. கணுக்காலில் தொடங்கி, நாங்கள் பாதி வருவதற்குள் முழங்காலைத் தாண்டியது. நான் அழுதேன் என்று என் மனைவி சொல்கிறாள். முகத்தில் தெறித்த தண்ணீர் என்று நான் சொல்கிறேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். பிடித்த இடத்தில் பல நாள் நீலம் இருந்தது.

அன்று நடந்தது இதுதான். மலையில் பெய்ததை அதிகாரியின் கணக்கு சரியாகவே சொல்லியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆறு இரண்டு கரையையும் தொட்டது. மணல்மேடு முங்கியது, கலயம் புதைத்திருந்த குழியும் முங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் ஆறே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கும். அத்தை அதைப் பார்க்கவில்லை. அவர் அதற்குள் வீட்டுக்குப் போய், ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு, தூங்கிப்போயிருந்தார்.